பெல்ட் கத்துகிறதா? காது கொடுங்கள்

மழை பெய்து ஓய்ந்த காலையில் ஏதாவது ஒரு கார் ‘கீச்ச்ச்’ என்று கத்திக்கொண்டே புறப்படுவதை உங்கள் குடியிருப்பில் கேட்டிருப்பீர்கள். காரைப் பிரித்து மாற்றியமைத்து ஓட்டும் அண்ணன்மார் வீட்டு வாசலில் இது இன்னும் அடிக்கடி கேட்கும். அதற்குப் பெரும்பாலோர் சொல்லும் மருந்து ஒன்றுதான்: “பெல்ட்டில் கொஞ்சம் ஸ்பிரே அடித்து விடு.” சவர்க்காரத் துண்டைத் தேய்ப்பவர்களும் உண்டு. சத்தம் நின்றுவிடும். சில நாள் கழித்து மீண்டும் வரும். மறுபடியும் ஸ்பிரே.

இதைப் பழுது பார்ப்பது என்று சொல்ல முடியாது என்பதே என் வாதம். எஞ்சின் எழுப்பும் புதிய சத்தம் ஒரு தகவல். அதைப் படிக்காமல் அடக்குவது, காய்ச்சல் காட்டுகிற வெப்பமானியைத் தூக்கிப் போடுவதற்குச் சமம். அதிலும் தொழிற்சாலையில் செய்தபடியே இல்லாமல் மாற்றியமைக்கப்பட்ட காரில் இந்தப் பழக்கம் ஆபத்தானது. ஏன் என்று பார்ப்போம்.

ஒரே பெல்ட், பல வேலைகள்

தமிழ்ப்பள்ளியில் எளிய எந்திரங்களைப் பற்றிப் படித்தபோது கப்பி என்று ஒன்று வந்ததே, நினைவிருக்கிறதா? பட்டறையில் அதைத்தான் புல்லி என்கிறார்கள். எஞ்சினின் முதன்மை அச்சான கிராங்க் தண்டின் முனையில் ஒரு புல்லி இருக்கும். அதிலிருந்து ஒரு ரப்பர் பெல்ட் புறப்பட்டு, மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர், ஏர்கான் கம்ப்ரசர், பல கார்களில் வாட்டர் பம்ப் என்று எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு திரும்பி வரும். பெல்ட்டைத் தளராமல் இழுத்துப் பிடிக்க டென்ஷனர் என்ற பாகம் உண்டு.

ஒரு உண்மையான காரை எடுத்துக்கொள்வோம். 2002 முதல் 2006 வரை வந்த மினி கூப்பர் எஸ், மாற்றியமைப்பவர்களுக்கு மிகவும் பிடித்த சிறிய ஸ்போர்ட்ஸ் கார். ஆர்53 என்பது அதன் குறியீடு. 1.6 லிட்டர் எஞ்சினோடு ஈட்டன் எம்45 என்ற சூப்பர்சார்ஜர் பொருத்தப்பட்டிருக்கும். சூப்பர்சார்ஜர் என்பது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும் கருவி. கூடுதல் காற்று போனால் கூடுதல் எரிபொருளை எரிக்கலாம். கூடுதல் ஆற்றல் கிடைக்கும். இந்தச் சூப்பர்சார்ஜரைச் சுழற்றுவதும் அதே பெல்ட்தான்.

ஆல்டர்னேட்டர் வழக்கமாக ஓரிரு குதிரைத்திறனை எடுத்துக்கொள்ளும். சூப்பர்சார்ஜரோ முழு வேகத்தில் பத்துக்கும் மேற்பட்ட குதிரைத்திறனை விழுங்கும். இவ்வளவும் ஆறு வரிகள் கொண்ட ஒரு ரப்பர் பட்டையின் உராய்வு வழியாகவே போக வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தக் காரில் வாட்டர் பம்பைச் சுழற்றுவது சூப்பர்சார்ஜரின் பின்பக்கப் பற்சக்கரங்கள். ஆகவே பெல்ட் அறுந்தால் கூடுதல் ஆற்றல் மட்டும் போகாது. எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் ஓட்டமும் நின்றுவிடும். பேட்டரிக்கு மின்சாரமும் வராது.

புல்லியை மாற்றினால் கணக்கும் மாறும்

ஆர்53 வைத்திருப்பவர்கள் பலரும் செய்யும் முதல் மாற்றம், சூப்பர்சார்ஜரின் புல்லியைக் கழற்றிவிட்டு 15 விழுக்காடு சிறிய புல்லியைப் போடுவது. புல்லி சிறியதானால் சூப்பர்சார்ஜர் வேகமாகச் சுழலும், காற்றழுத்தம் கூடும். எவ்வளவு வேகம் கூடும்? 15 விழுக்காடு என்று சட்டென்று சொல்லத் தோன்றும். கணக்குப் போடுங்கள்: 1 ÷ 0.85 = 1.18. ஏறத்தாழ 18 விழுக்காடு.

அதோடு முடியவில்லை. ஆரம் குறைந்த சக்கரத்தை அதே முறுக்குவிசையோடு சுழற்ற வேண்டுமானால், பெல்ட் 1.18 மடங்கு விசையோடு இழுக்க வேண்டும். காற்றழுத்தமும் கூடிவிட்டதால் தேவையான முறுக்குவிசையும் கூடுகிறது. பெல்ட் பற்றிக்கொள்ளும் வளைவின் நீளமோ குறைந்துவிட்டது. வேலை கூடி, பிடிமானம் குறைந்த நிலையில் பெல்ட் வழுக்கத் தொடங்குவதில் வியப்பில்லை.

பெல்ட்டின் பிடிமானம் எதைப் பொறுத்தது என்பதை 18ஆம் நூற்றாண்டிலேயே கணித அறிஞர் லியோனார்டு ஆய்லர் ஆராய்ந்திருக்கிறார். கயிறு ஒரு தூணை எவ்வளவு கோணம் சுற்றியிருக்கிறது, உராய்வு எவ்வளவு ஆகிய இரண்டுமே முக்கியம். உராய்வுக் கெழு 0.5 என்று வைத்துக்கொண்டால், பாதிச் சுற்று அதாவது 180 பாகை சுற்றிய தட்டையான பெல்ட், தளர்ந்த பக்கத்தைப்போல் 4.8 மடங்கு இழுவிசையை மறுபக்கத்தில் வழுக்காமல் தாங்கும். சுற்றிய கோணம் 120 பாகையாகக் குறைந்தால் அது 2.85 மடங்குக்கு இறங்கிவிடும். எடையைக் குறைக்கிறேன் என்று ஏர்கான் கம்ப்ரசரைக் கழற்றிவிட்டு, குட்டையான பெல்ட்டை வேறு வழியில் மாட்டுபவர்கள் இந்த எண்களை நினைவில் வைக்க வேண்டும். கம்ப்ரசரை எடுத்த இடத்தில், பக்கத்துப் புல்லியைச் சுற்றிய கோணமும் குறைந்திருக்கலாம்.

மாற்றியமைப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. அதற்குரிய சட்ட அனுமதியோடும் அறிவோடும் செய்தால் அது நல்ல பொறியியல் பயிற்சி. ஆனால் தொழிற்சாலைப் பொறியாளர் போட்ட கணக்கை நாம் கலைக்கும்போது, அவருடைய பொறுப்பும் நம் கைக்கு வந்துவிடுகிறது. பாகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு பொறுப்பைக் கடையிலேயே விட்டுவிட்டு வர முடியாது.

எல்லாக் கீச்சும் ஒன்றல்ல

வயலின் வில்லில் பிசின் தடவுவது எதற்காக? வில் தந்தியைப் பற்றி இழுக்கும், தாங்க முடியாத நிலையில் தந்தி நழுவும், மறுபடி பற்றும். ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான முறை இப்படி நடப்பதால் இசை பிறக்கிறது. பற்றுவதும் நழுவுவதும் மாறி மாறி நடக்கும் இதே வித்தைதான் பெல்ட்டையும் கத்த வைக்கிறது.

பட்டறைக்காரர்கள் பெல்ட் சத்தத்தைப் பெரும்பாலும் மூன்று வகையாகப் பிரிப்பார்கள். நீண்டு கத்தும் ‘கீஈஈச்’ பெரும்பாலும் பெல்ட் வழுக்குவதைக் காட்டும். ஏர்கானைத் திறந்ததும், மிதியை அழுத்தியதும் இது கூடும். பறவை கூவுவதுபோல் விட்டுவிட்டு வரும் ‘கிச் கிச்’ பெரும்பாலும் புல்லிகள் ஒரே நேர்க்கோட்டில் இல்லாததைக் காட்டும். பெல்ட் ஒவ்வொரு முறை புல்லிக்குள் நுழையும்போதும் பக்கவாட்டில் உரசி இறங்குகிறது. ஒரு பாகை கோணலே தொல்லைக்குப் போதும். 30 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் புல்லியில் அது 5 மில்லிமீட்டர் விலகல்தான். மூன்றாவது, ‘கரகர’ என்றோ ‘உர்ர்’ என்றோ கேட்கும் சத்தம். இது பெரும்பாலும் தேய்ந்த பேரிங்கின் குரல்.

முதல் இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய சோதனை இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது, அனுபவமுள்ள போர்மேன் பெல்ட்டின் வரிப்பக்கத்தில் சிறிதளவு தண்ணீரைத் தெளிப்பார். சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது: இருந்த கொஞ்சப் பிடிமானத்தையும் தண்ணீர் குறைத்துவிட்டது. சத்தம் அடங்கிச் சற்று நேரத்தில் திரும்பினால் கோணல்: பக்கவாட்டு உரசலுக்குத் தண்ணீர் தற்காலிக மசகாக வேலை செய்தது. மாற்றமே இல்லையென்றால் பேரிங் போன்ற வேறு இடங்களைச் சந்தேகிக்கலாம். செலவு ஒரு கிண்ணம் தண்ணீர். கிடைப்பது ஒரு விடை.

ஸ்பிரேயும் தண்ணீரும் ஒன்றுதானே என்று கேட்காதீர்கள். தண்ணீர் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். கேள்விக்குப் பதிலைச் சொல்லிவிட்டுப் போய்விடும். பிசுபிசுப்பான ஸ்பிரே அங்கேயே தங்கி, தூசியைச் சேர்த்து, உண்மையான காரணத்தையும் மறைத்துவிடும். வரிகள் கொண்ட பெல்ட்டுகளுக்கு இத்தகைய பூச்சுகளை அவற்றைத் தயாரிப்பவர்களே பரிந்துரைப்பதில்லை.

எண்ணினால் ஆளைப் பிடிக்கலாம்

உங்களிடம் கைப்பேசி இருக்கிறது. சத்தத்தைப் பதிவு செய்து, மெதுவாக ஓட விட்டு, ஒரு நொடிக்கு எத்தனை ‘கிச்’ என்று எண்ணுங்கள். பிறகு இந்தக் கணக்கைப் பாருங்கள். எண்களை எளிமைக்காக நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் காருக்கு நீங்களே அளக்க வேண்டும்.

எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடுகிறது. அப்படியானால் கிராங்க் புல்லி நொடிக்கு 13 முறை சுற்றுகிறது. அதன் விட்டம் 14 சென்டிமீட்டர் என்றால் சுற்றளவு 44 சென்டிமீட்டர். பெல்ட் நொடிக்கு ஏறத்தாழ 5.9 மீட்டர் ஓடும். பெல்ட்டின் நீளம் 1.4 மீட்டர் என்றால், அது நொடிக்கு 4 முறை முழுச் சுற்று வருகிறது. ஆல்டர்னேட்டர் புல்லியின் விட்டம் 5.6 சென்டிமீட்டர் என்றால் அது நொடிக்கு 33 முறை சுற்றும்.

இப்போது நொடிக்கு 4 ‘கிச்’ கேட்டால், பெல்ட்டிலேயே ஓர் இடம் கிழிந்திருக்கலாம் அல்லது ஒரு கல் வரியில் சிக்கியிருக்கலாம். நொடிக்கு 13 கேட்டால் கிராங்க் புல்லியைப் பாருங்கள். ஆர்53 காரில் இந்தப் புல்லி இரண்டு வளையங்களால் ஆனது; நடுவே அதிர்வைத் தணிக்கும் ரப்பர் இருக்கும். வயதான ரப்பர் விட்டுப் போய், வெளி வளையம் ஆடத் தொடங்குவது இந்தக் காரை வைத்திருப்பவர்கள் நன்கு அறிந்த சிக்கல். இந்த நிலையில் எத்தனை புதுப் பெல்ட் மாட்டினாலும் பயன் இருக்காது.

சத்தத்தைக் கேட்டு நோயைக் கண்டுபிடிப்பது மருத்துவத்துக்கும் பழக்கமானதுதான். 1816இல் பிரெஞ்சு மருத்துவர் ரெனே லேனெக் ஸ்டெதஸ்கோப்பை உருவாக்கினார். இன்று பட்டறைகளிலும் ஒரு வகை ஸ்டெதஸ்கோப்பைப் பயன்படுத்துகிறார்கள். அதன் உலோக முனையை ஒவ்வொரு பாகத்தின் அசையாத உடற்பகுதியிலும் வைத்துக் கேட்டால், எந்தப் பேரிங் அழுகிறது என்பது தெரியும்.

பெல்ட்டைக் கழற்றியதும் நின்ற சத்தம்

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சில நொடிகள் மட்டும் ஓட விடுகிறார்கள். சத்தம் இல்லை. “பார்த்தாயா, பெல்ட்தான்!” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

பெல்ட்டைக் கழற்றியபோது எவையெல்லாம் நின்றன என்று யோசியுங்கள். ஆல்டர்னேட்டர், கம்ப்ரசர், டென்ஷனர், சூப்பர்சார்ஜர், அதன் பின்னால் உள்ள பற்சக்கரங்கள், வாட்டர் பம்ப் ஆகிய அனைத்தும் நின்றுவிட்டன. சத்தம் நின்றதற்கு இவற்றில் எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். அந்தச் சோதனை சொல்வது ஒன்றே: குற்றவாளி எஞ்சினின் உள்ளே இல்லை, பெல்ட்டின் பாதையில் இருக்கிறார். யார் என்று அறிய, ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். கரகரக்கிறதா, ஆடுகிறதா, எளிதாகச் சுற்றுகிறதா?

அதேபோல் புதுப் பெல்ட் மாட்டியதும் சத்தம் நின்றால், பழைய பெல்ட்தான் காரணம் என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. புல்லி கோணலாக இருந்தாலும் புதுப் பெல்ட் கொஞ்ச காலம் அமைதியாக ஓடக்கூடும். பிறகு அதுவும் தேய்ந்து அதே பாட்டைப் பாடும்.

உற்றறிதல், ஊகித்தல், கருதுகோள் உருவாக்குதல், மாறிகளைக் கட்டுப்படுத்துதல் என்று ஆரம்பப் பள்ளியிலிருந்தே எழுதி வருகிறீர்கள். தேர்வுத் தாளில் மெழுகுவர்த்தியும் அவரை விதையும் வரும்போது சரியாக எழுதுகிறோம். பானட்டைத் திறந்ததும் அதை மறந்துவிடுகிறோம். பெல்ட், டென்ஷனர், ஆல்டர்னேட்டர் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் சத்தம் நிற்கலாம். ஆனால் எதனால் நின்றது என்று யாருக்கும் தெரியாது. மூன்று பாகத்துக்குப் பணம் கொடுத்து, ஒரு பாடமும் கற்கவில்லை.

“அதற்கெல்லாம் நேரமில்லை”

பட்டறை நடத்துபவர்கள் சொல்லும் பதில் இது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. வாசலில் ஆறு கார் காத்திருக்கும்போது, ஒரு கீச்சுக்காக அரை மணி நேரம் செலவிட முடியுமா? சோதிப்பதற்குக் கூலி கொடுக்க வாடிக்கையாளரும் தயங்குகிறார். பாகம் மாற்றினால் கொடுக்கிறார். தவறு போர்மேனிடம் மட்டும் இல்லை; கண்டுபிடிக்கும் அறிவுக்கு விலை கொடுக்க மறுக்கும் நம்மிடமும் இருக்கிறது. மருத்துவர் நாடி பார்த்ததற்குக் கட்டணம் தருகிறோம். மருந்து எழுதாமல் “ஒன்றுமில்லை, தண்ணீர் குடி” என்றாலும் தருகிறோம். காரைச் சோதித்துச் சொல்பவருக்கும் அந்த மரியாதை வேண்டும்.

மறைக்கப்பட்ட சத்தத்தின் விலை எப்போது தெரியும்? கெந்திங் மலைச்சாலையில் ஏறும்போது தெரியலாம். வழுக்கி வழுக்கிச் சூடேறிய பெல்ட் அங்கே அறுந்தால், பேட்டரியின் சிவப்பு விளக்கு எரியும். எஞ்சின் வெப்பம் ஏறும். அந்த நேரத்தில் காரைப் பாதுகாப்பாக ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும். “இன்னும் கொஞ்ச தூரம்தான்” என்று ஓட்டினால் எஞ்சின் தலையே வளைந்துவிடக்கூடும். அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே அந்தப் பெல்ட் கத்தியிருக்கும். யாரோ அதன் வாயைப் பொத்தியிருப்பார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது

முதலில் ஓர் எச்சரிக்கை. ஓடும் எஞ்சினுக்கு அருகே கையையோ, கருவியையோ, தண்ணீரையோ நீங்கள் கொண்டு போகக் கூடாது. நீண்ட முடி, கழுத்துப் பட்டை, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை எல்லாமே பெல்ட்டில் சிக்கும். தண்ணீர்ச் சோதனையும் பெல்ட்டைக் கழற்றுவதும் பயிற்சி பெற்றவர்களின் வேலை. தள்ளி நின்று பதிவு செய்வதும், எண்ணுவதும், எழுதி வைப்பதும் உங்கள் வேலை. அதுவே பெரிய உதவி.

வீட்டில் ஆய்லரைச் சோதித்துப் பாருங்கள். துடைப்பக் கட்டையை இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே அசையாமல் கட்டுங்கள். ஒரு நூலை அதன்மேல் போட்டு, ஒரு முனையில் தண்ணீர் நிறைந்த போத்தலைத் தொங்க விடுங்கள். மறுமுனையில் உள்ள போத்தலில் எவ்வளவு தண்ணீர் இருந்தால் கனமான போத்தல் இறங்காமல் நிற்கிறது என்று அளந்து எழுதுங்கள். பிறகு நூலை இன்னொரு சுற்றுச் சுற்றி மறுபடி அளங்கள். வெறும் ஒரு சுற்றில் எண் எவ்வளவு குறைகிறது என்பதைப் பார்த்தால், புல்லியை மாற்றுபவர் எதோடு விளையாடுகிறார் என்பது புரியும்.

அறிவியல் கழகப் பொறுப்பாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒருமுறை, உங்கள் வட்டாரத்தில் காதாலேயே கோளாறைக் கண்டுபிடிக்கும் ஒரு போர்மேனைப் பள்ளிக்கு அழையுங்கள். தேய்ந்த பெல்ட்டையும் ஆடும் புல்லியையும் கொண்டுவரச் சொல்லுங்கள். படிப்பு வராதவர்கள் போகும் இடம் பட்டறை என்று நம்மில் சிலர் இன்னும் பேசுகிறோம். அந்தப் பேச்சு நிற்க, மாணவர்கள் அங்கே நடக்கும் அறிவியலை நேரில் பார்க்க வேண்டும்.

வீட்டில் அண்ணனோ மாமாவோ காரை மாற்றியமைப்பவராக இருந்தால், அவருக்கு ஒரு குறிப்பேடு வாங்கிக் கொடுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்பும் பின்பும் எஞ்சின் சத்தத்தைப் பதிவு செய்து, தேதி, ஓடிய கிலோமீட்டர், மாற்றிய பாகம், பெல்ட்டின் நீளம் ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் என்று முதல் பக்கத்தில் நீங்களே எழுதிக் கொடுங்கள். பெல்ட் கத்தும் நாளில், ஸ்பிரே டப்பாவைத் தேடுவதற்கு முன் அவர் அந்தக் குறிப்பேட்டைப் புரட்டட்டும்.